பதினோரு மேஜை

1983ல நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் சேர்ந்தப்போ அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வா.செ.குழந்தைசாமி சார்தான் துணைவேந்தர். அமெரிக்கால இலினாய் போய் நீரியல்ல பிஎச்.டி. பண்ணினவர், ஒரு வடிநிலத்துல பெய்யுற மழை எவ்வளவு நேரத்துல எவ்வளவு தண்ணியா ஆத்துக்கு வந்து சேரும்ங்கிறதுக்கு கணக்கு மாடல் போட்டவர், குலோத்துங்கன்ங்கிற பேர்ல கவிதையும் எழுதுவார். மதுரை காமராசர், அண்ணா, அப்புறம் டெல்லில இக்னோங்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகம்னு மூணு இடத்துல துணைவேந்தரா இருந்தார். நானும் நீரியல் எடுத்ததுக்கு அவர்தான் காரணம்.

25 வருஷம் வாத்தியார் வேலை. ஹைட்ராலிக்ஸ் லேப், தண்ணி ஓட்டத்தை அளக்கற வி-நாட்ச், பசங்களோட அப்சர்வேஷன் நோட்டு, அவ்வளவுதான் என் உலகம். 2014ல ஒரு பல்கலைக்கழகத்துக்கு துணைவேந்தரா போனேன், மூணு வருஷப் பதவி. முதல் நாளே பி.ஏ. ஒரு பச்சை இங்க் பேனாவை வச்சிட்டு போனாரு, பின்னாடியே ஃபைல் அடுக்கு வந்துச்சு.

சேர்ந்த நாலாவது மாசம் நடந்ததை இன்னிக்கும் மறக்க முடியல. ஒரு பையன், கடைசி அரியரை ரீவேல்யூஷன்ல க்ளியர் பண்ணிட்டான், கம்பெனில சேர, டிகிரிக்கு முன்னாடி தர்ற புரொவிஷனல் சர்டிஃபிகேட் வேணும், அவங்க கொடுத்த டைம் 15 நாள். அந்த ஃபைல் பத்து மேஜை ஏறி இறங்கி பதினோராவதா எங்கிட்ட வந்தப்போ சேர வேண்டிய தேதி போய் ஆறு நாள் ஆச்சு. செங்கல்பட்டு பக்கத்துல இருந்து அவன் அப்பா வந்து வெளில பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தாரு. "ஐயா, கையெழுத்து போட்டுட்டீங்களா"ன்னு அது ஒண்ணுதான் கேட்டாரு. போட்டுட்டேன்னு சொன்னேன், வேற என்ன சொல்றதுன்னே தெரியல.

அன்னிக்கு ராத்திரி அந்த ஃபைலை வீட்டுக்கு எடுத்துட்டு போய், ஒவ்வொரு மேஜைக்கும் எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு கிராஃப் ஷீட்ல போட்டுப் பார்த்தேன். யாரும் வேணும்னு பிடிச்சு வைக்கல, ஆளுக்கு ஒண்ணு ரெண்டு நாள், நடுவுல சனி ஞாயிறு, அவ்வளவுதான். நாங்க கிளாஸ்ல லேக் டைம்னு நடத்துவோம், வழியில இருக்கற ஒவ்வொரு குட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணியை தேக்கி வச்சா கீழ வந்து சேர எவ்வளவு லேட் ஆகும்ங்கிற கணக்கு, அதேதான் இங்கயும், என்ன, இங்க தண்ணிக்கு பதிலா ஒரு பையனோட வேலை.

பதினொண்ணுல ஏழு மேஜைல வெறும் இனிஷியல்தான், யாரும் எதையும் சரிபார்க்கல. அதை எடுத்துடலாம்னு சொன்னதும் சூப்பரின்டென்டென்ட் ஒருத்தர், ரொம்ப நேர்மையான மனுஷர், "சார், மேஜையை எடுத்துட்டா நாளைக்கு ஒரு போலி சர்டிஃபிகேட் வெளிய போச்சுன்னா பொறுப்பு யாரு?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. ஏரியே இல்லாம விட்டா வெள்ளம்தானே வரும். அதனால மார்க் சரிபார்க்கறது, கட்ட வேண்டிய பாக்கி பார்க்கறது, பரீட்சை கன்ட்ரோலர், அப்புறம் நான்னு நாலை அப்படியே வச்சோம், வாங்கற தேதியும் அனுப்பற தேதியும் ஒவ்வொருத்தரும் எழுதணும்னு சொல்லிட்டோம். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்ல ஒப்புதல் வாங்க மட்டும் ரெண்டு கூட்டம் ஆச்சு. புதுக் கட்டடம் திறந்தது, தரத்தை மதிப்பிடற நாக் குழு வந்ததுன்னு அந்த மூணு வருஷத்துல என்னென்னமோ நடந்துச்சு, ஆனா நான் செஞ்ச வேலைன்னு எனக்குத் தோணுறது இதுதான்.

2015 டிசம்பர் 1, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரில விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அடையாறு உள்ள வந்துடுச்சு. பரீட்சையை எல்லாம் தள்ளி வச்சோம். தண்ணி வடிஞ்சதும் பசங்க வர ஆரம்பிச்சாங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன மார்க் ஷீட்டை பாலித்தீன் கவர்ல போட்டுக்கிட்டு. ஜாஃபர்கான்பேட்டை பொண்ணு ஒருத்தி காலைல மனு கொடுத்தா, மறுநாள் சாயங்காலம் டூப்ளிகேட் அவ கைல. அதுல கையெழுத்து போடறப்போ அந்த அப்பா பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. அவர் பையன் அப்புறம் எங்க வேலைக்கு சேர்ந்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.