மூடிய பிறகும் திறந்துகொண்ட போர்ட் 111

பாதுகாப்புச் சோதனை அறிக்கையில் எங்கள் லினக்ஸ் சர்வரின் போர்ட் 111 (நெட்வொர்க் இணைப்புகள் உள்ளே வரும் ஒரு வாசல்) திறந்திருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மூடிவிட்டேன் என்று நான் இரண்டு முறை பதில் எழுதினேன். இரண்டு முறையும் அது பொய்யாகிப் போனது இன்னும் உறுத்துகிறது.

அந்த போர்ட்டில் இருந்தது ஆர்பிசிபைண்ட் (rpcbind); சில நெட்வொர்க் சர்வீஸ்கள் எந்த போர்ட்டில் இருக்கின்றன என்று கேட்பவருக்குச் சொல்லும் சர்வீஸ் அது. வழக்கம்போல அந்த சர்வீஸை ஸ்டாப் செய்து, டிசேபிளும் செய்தேன். சர்வீஸ் நின்றாலும் அதன் சாக்கெட் (இணைப்பு வருகிறதா என்று போர்ட்டில் காத்திருக்கும் பகுதி) அதை மறுபடி எழுப்பக்கூடும் என்று திரையில் ஒரு வரி எச்சரிக்கை வந்தது. வேலை முடிந்த நினைப்பில் அதைப் படிக்காமல் கடந்தேன். மறுநாள் அறிக்கையில் அதே 111. திறந்த போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையில் பார்த்தபோது, போர்ட்டைப் பிடித்திருந்தது ஆர்பிசிபைண்ட் அல்ல, எல்லா சர்வீஸ்களையும் நிர்வகிக்கும், புராசஸ் எண் 1 கொண்ட சிஸ்டம்டி (systemd)! வெளியிலிருந்து யாராவது தட்டினால் சர்வீஸைத் தொடங்கிவிடக் காத்திருந்தது. உபுண்டு 22.10 முதல், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் (SSH) இப்படி சாக்கெட் வழியாகவே தொடங்குகிறது என்பதால், அங்கும் சர்வீஸை மட்டும் நிறுத்திவிட்டு போர்ட் 22 மூடிவிட்டதாக நம்பாதீர்கள்.

சாக்கெட்டையும் டிசேபிள் செய்து நிறுத்தியதும் போர்ட் மூடிக்கொண்டது. ஆனால், அடுத்த ரீபூட்டுக்குப் பின் மீண்டும் திறந்திருந்தது. டிசேபிள் என்பது பூட் ஆகும்போது தானாகத் தொடங்குவதைத்தான் தடுக்கும். வேறொரு சர்வீஸ் தனக்கு வேண்டுமென்று கேட்டால் அது எழுந்தே தீரும். யார் கேட்கிறார்கள் என்று சார்புப் பட்டியலைத் தலைகீழாக எடுத்துப் பார்த்தேன். சேமிப்பு சர்வரில் உள்ள பேக்கப் கோப்புறை, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் (NFS) பதிப்பு 3-இல் மவுண்ட் ஆகியிருந்தது, அதாவது எங்கள் சர்வரோடு இணைக்கப்பட்டிருந்தது. அதன் லாக்கிங்குக்கான (கோப்புகளைப் பூட்டுவதற்கான) ஸ்டேட்டி (statd) சர்வீஸ், ஆர்பிசிபைண்ட் இல்லாமல் இயங்காது.

பொறுமையிழந்து ஆர்பிசிபைண்டின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்தேன். யாராலும் தொடங்க முடியாதபடி மாஸ்க் தடுத்துவிடும் என்பதால் அடுத்த ரீபூட்டில் மவுண்ட் தோல்வியுற்றது; அன்றிரவு பேக்கப்பும் ஓடவில்லை. எவை மவுண்ட் ஆக வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் என்எஃப்எஸ் பதிப்பை 4 என்று மாற்றியதும் மவுண்ட் சரியானது. அந்தப் பதிப்புக்குச் சேமிப்பு சர்வரின் போர்ட் 2049 மட்டும் போதும்.

தலைகீழ்ப் பட்டியலை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த ஓரிரவு பேக்கப்பை இழந்திருக்க மாட்டேன். மாஸ்க் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை அது நிறுத்தாது, ஸ்டாப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இந்த முறை ரீபூட் செய்து, எஸ்எஸ் பட்டியலில் 111 இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மூன்றாவது பதிலை எழுதினேன்.