சிகாகோவை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது?

சிகாகோவுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர், நகரிலேயே மிக உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறிவிட்டால் நகரைப் பார்த்தாயிற்று என்ற எண்ணத்துடன் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் வில்லிஸ் கோபுரம். 2009 வரை சியர்ஸ் கோபுரம் என்று வழங்கிய அதை ஊர்க்காரர்கள் பலர் இன்றும் பழைய பெயராலேயே அழைக்கிறார்கள். உயரம் 442 மீட்டர். 103ஆவது தளத்தில் இருக்கும் காட்சித் தளம் தரையிலிருந்து 412 மீட்டர். சுற்றுலாவுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எவரும் முதலில் அங்கேதான் போவார்கள். நானும் அப்பாவும் முதலில் அங்கேதான் போனோம். ஆனால் நகரத்தின் கட்டட வரிசை வானை வெட்டி நிற்கும் அழகைக் காண விரும்புகிறவர்களுக்கு அதைவிடத் தாழ்வான இன்னோர் இடத்தையே நான் பரிந்துரைப்பேன். வடக்கே மிச்சிகன் அவென்யூவில் இருக்கும், 2018 வரை ஜான் ஹான்காக் மையம் என்று வழங்கிய கட்டடத்தின் 94ஆவது தளமே அது.

இதற்கான காரணம் எளிய வடிவியல்தான். நாம் எந்த உயரத்தில் நிற்கிறோமோ, தொடுவானமும் ஏறத்தாழ அந்த உயரத்திலேயே நமக்குத் தெரியும். நம் கண்ணைவிட உயரமான கட்டடம் தொடுவானத்தைத் தாண்டி வானத்தில் தலைநீட்டும். தாழ்வான கட்டடம் தரையோடு தரையாகப் படிந்துவிடும். வில்லிஸ் கோபுரத்தின் 412 மீட்டர் உயரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தால் டிரம்ப் கோபுரத்தின் ஊசிமுனையும், வடக்கே ஹான்காக்கின் கூரைமேல் நிற்கும் இரட்டை அலைக்கம்பங்களும் மட்டுமே அந்தத் தொடுவானக் கோட்டைக் கடக்கின்றன. மற்ற அத்தனை பெரிய கட்டடங்களும் காலடியில் கிடக்கின்றன. அவற்றின் மொட்டைமாடிகளும் குளிரூட்டிப் பெட்டிகளும்தான் கண்ணில் படுகின்றன. ஹான்காக்கின் காட்சித் தளமோ 314 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் வில்லிஸ், டிரம்ப், செயின்ட் ரீஜிஸ், ஏயான் ஆகிய நான்கு கோபுரங்கள் தெளிவாகத் தொடுவானத்துக்கு மேலே எழுந்து நிற்கின்றன. இன்னும் சிலவற்றின் முனைகள் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கட்டடங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அந்த வரிசையில் நகரின் மிக உயரமான கட்டடமும் இருக்கிறது என்பது முக்கியம். வில்லிஸ் கோபுரத்துக்குள் நிற்பவருக்கு வில்லிஸ் கோபுரம் தெரியாது. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே ராக்கஃபெல்லர் மையத்தின் உச்சிக்குப் பலர் ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

கூடுதல் உயரத்தில் கூடுதல் தூரம் தெரியுமே என்று சிலர் கேட்கலாம். தெரியும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 314 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 63 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 412 மீட்டரிலிருந்து சுமார் 72 கிலோமீட்டர். ஏறத்தாழ 100 மீட்டர் கூடுதலாக ஏறியும் கிடைப்பது ஒன்பது கிலோமீட்டர்தான். அந்த ஒன்பது கிலோமீட்டரும் பெரும்பாலான நாட்களில் புகைமூட்டத்தில் கரைந்துவிடும்.

இதனால் வில்லிஸ் கோபுரம் ஏறத் தகுதியற்றது என்று ஆகிவிடாது. அது காட்டுவது வேறொன்று; நகரம் எப்படி அமைக்கப்பட்டது என்பதை விரித்துவைத்த வரைபடம்போல் அங்கே படிக்கலாம். சிகாகோ ஆற்றின் இரு கிளைகள் சேரும் இடமும், தெற்கே ரயில் பாதைகள் விசிறியாகப் பிரிந்து செல்வதும், மேற்கே நூல் பிடித்தாற்போல் ஓடும் தெருக்களும் தெளிவாகத் தெரிகின்றன. பொதுவாக ஒரு மைலுக்கு எட்டுத் தெருத் தொகுதிகள் (பிளாக்) என்ற கணக்கில் கட்டம் கட்டமாக அமைந்த இந்த நகரத்தில், அந்தக் கட்டங்களை மதிக்காமல் வடமேற்காகச் சாய்ந்து ஓடும் ஒரு சாலையை அங்கே கவனித்தேன். அது மில்வாக்கி அவென்யூ. நகரம் தோன்றுவதற்கு முன்பே பூர்வகுடி மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தின்மேல் போடப்பட்ட சாலை அது. கட்டங்களை வரைந்தவர்களாலும் அதை அழிக்க இயலவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மேற்குப் பக்கத்தில், கட்டடச் சுவரிலிருந்து நான்கு அடிக்குச் சற்று அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் பெருங்கூட்டம். 2009இல் அமைக்கப்பட்ட அவற்றில் நிற்க ஒவ்வொரு குழுவுக்கும் மிகக் குறைந்த நேரமே தரப்படுகிறது. அதற்கான வரிசையோ நீளமானது. அந்த நேரத்தை மற்ற மூன்று பக்கங்களிலும் செலவிடுவதே மேல் என்பேன்.

இந்த இரண்டு கட்டடங்களையும் நிற்கவைத்தவர் ஒரே பொறியாளர் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறினால் பார்வையே மாறிவிடும். ஃபஸ்லூர் ரஹ்மான் கான் 1929இல் டாக்காவில் பிறந்தவர். 1952இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க அமெரிக்கா வந்தார். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமுடன் சேர்ந்து 1969இல் ஹான்காக்கையும், அடுத்த சில ஆண்டுகளில் சியர்ஸ் கோபுரத்தையும் உருவாக்கினார். 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் எழும்வரை சியர்ஸ்தான் உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. கானுக்கு முன்புவரை வானளாவிகளின் பாரத்தையும் காற்றின் விசையையும் உள்ளே நிரம்பிய தூண்கள் தாங்கின. கானோ கட்டடத்தின் வெளிச்சுவரையே ஒரு குழாயாக்கி அந்த வேலையை அதனிடம் ஒப்படைத்தார். சியர்ஸ் கோபுரம் அப்படிப்பட்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டிய கட்டு. ஒவ்வொன்றின் பக்கமும் 75 அடி. இரண்டு குழாய்கள் 50ஆவது தளத்திலும், இரண்டு 66ஆவது தளத்திலும், மூன்று 90ஆவது தளத்திலும் நின்றுவிட, மிஞ்சிய இரண்டு மட்டுமே உச்சிவரை போகின்றன. காட்சித் தளத்தில் நாம் நடமாடுவது அந்த இரண்டு குழாய்களுக்குள்தான். 53 வயது நிறைவதற்கு முன்பே, 1982இல், கான் காலமானார். சிகாகோவின் வடபகுதியிலுள்ள கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நகரத்தின் முகத்தையே மாற்றிய இந்த மனிதரைப் பற்றி, நம் பக்கத்து மண்ணில் பிறந்தவராக இருந்தும், நம் பாடப்புத்தகங்கள் எதிலும் நான் படித்ததில்லை என்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

ஹான்காக்கில் அவர் செய்ததைத் தெருவில் நின்றே பார்க்கலாம். அடியில் அகன்று மேலே போகப்போகக் குறுகும் அந்தக் கறுப்புக் கட்டடத்தின் நான்கு முகங்களிலும் மிகப் பெரிய பெருக்கல் குறிகளாக எஃகுச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன. என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாழ்நாளெல்லாம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தவர், எதுவும் விளக்கத் தொடங்கும் முன்பே, "சாரத்துக்கு நாம குறுக்குக் கழி போடுற மாதிரியே போட்டிருக்கான் பாரு. அது இல்லேன்னா சாரம் ஆடும்ப்பா" என்றார். அவர் சொன்னதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நேர்க்கழிகளையும் கிடைக்கழிகளையும் மட்டும் கட்டிய சவுக்குச் சாரம் காற்றில் பக்கவாட்டில் சாயும். மூலைக்கு மூலை ஒரு கழியைக் கட்டிவிட்டால் அசையாது. இந்தக் குறுக்குச் சட்டங்களின் பயன் எடையிலும் தெரிகிறது. 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு. நூறு தளங்கள் கொண்ட ஹான்காக்கில் சுமார் 145 கிலோதான். அந்தச் சட்டங்கள் பல வீடுகளின் சன்னல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. ஆம், வீடுகள்தாம், 45ஆவது தளத்திலிருந்து 92ஆவது தளம்வரை மக்கள் குடியிருக்கிறார்கள்.

செப்டம்பர் பிற்பகுதியில், சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக நாங்கள் லிஃப்டில் ஏறினோம். 94 தளங்களைக் கடக்க அதற்குச் சுமார் 40 வினாடிகள் போதும். காது அடைத்துத் திறப்பதற்குள் கதவு திறந்துவிடுகிறது. கட்டடம் மேலே குறுகுவதால் தளம் சிறியது. நான்கு பக்கங்களையும் சில நிமிடங்களில் சுற்றிவரலாம். ஒளி மாறமாற ஒரு சன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் இது பெரிய வசதி.

முதலில் வடக்குப் பக்கம் போங்கள். ஏரிக்கரைச் சாலை வளைந்து செல்வதும், அதன் வளைவில் ஓக் தெருக் கடற்கரை பிறைபோல் ஒட்டிக்கொண்டிருப்பதும், அதற்கப்பால் லிங்கன் பூங்காவின் பச்சையும் தெரியும். ஏரிதான் என்றாலும் அங்கே எல்லோரும் கடற்கரை என்றே சொல்கிறார்கள்; மறுகரை தெரியாத நீரை வேறெப்படிச் சொல்வது? கிழக்கே அந்த மிச்சிகன் ஏரி மட்டுமே. அதில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சிறு கோட்டைகளைப்போல் வட்டமான கட்டடங்கள் நீருக்கு நடுவே நிற்பதைத் தவறவிடாதீர்கள். நகரத்தின் குடிநீரை உள்ளே இழுக்கும் வாய்கள் அவை. அங்கிருந்து ஏரியின் அடிமண்ணைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகத் தண்ணீர் கரைக்கு வருகிறது. இப்படிப்பட்ட முதல் சுரங்கம் 1867இலேயே திறக்கப்பட்டது. ஆற்றில் கலந்த கழிவு அந்தக் குடிநீரைக் கெடுத்துவிடாமல் இருக்க, 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் நிற்கும் கட்டடத்தின் நிழல் கரையைக் கடந்து ஏரிநீரின்மேல் விழுந்திருந்தது. மேலே குறுகும் அதன் உருவம் நீரில் அப்படியே தெரிந்தது. சூரியன் இறங்க இறங்க நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போய்க் கடைசியில் வெளிறிக் கலைந்தது.

ஏரியின் ஓரம் இப்படித் திறந்து கிடப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. 1836இல் வரையப்பட்ட நகர வரைபடத்தில், கரையோர நிலம் எந்தக் கட்டடமும் இன்றி என்றென்றும் பொதுவெளியாகத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில் அந்த நிலத்தில் கட்டடங்கள் எழுப்ப முயன்றபோது, மாண்ட்கோமரி வார்டு என்ற வணிகர் 1890 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடி அதைத் தடுத்தார். 1871இன் பெருந்தீயில் எரிந்த நகரத்தின் இடிபாடுகளைக் கொட்டித் தூர்த்த இடமும் இன்று கிராண்ட் பூங்காவுக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் பூங்கா வெற்றிடமாக விடப்பட்டதால்தான் நகர மையத்தின் கட்டடங்கள் ஏரியை நோக்கி ஒரு மதிலாக எழுந்து நிற்கின்றன. 94ஆவது தளத்தின் தெற்குச் சன்னலில் அந்த மதிலைப் பக்கவாட்டில், அதன் நீளம் முழுவதும் தெரியும்படி பார்க்கிறோம். காற்று தெளிவாக இருந்தால் இன்னும் தொலைவில், ஏரி வளையும் இடத்தில், இந்தியானா மாநிலத்தின் கேரி நகர எஃகு ஆலைகளையும் காணலாம்.

சூரியன் மறையும் நேரத்தில் கூட்டம் முழுவதும் மேற்குச் சன்னல்களில் குவிந்துவிடும். அப்போது தெற்குப் பக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது. மேற்கிலிருந்து வரும் கடைசி வெயில் கோபுரங்களின் ஒரு பக்கத்தைச் செம்பொன்னாக்கி மறுபக்கத்தை நிழலில் விடுவதால், பகலில் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்த கட்டடங்கள் தனித்தனியே பிரிந்து முன்னும் பின்னுமாக நிற்கும். செயின்ட் ரீஜிஸ் கோபுரத்தின் உச்சிப் பகுதியில் ஒரு தளம் சன்னலின்றி வெறுமையாகத் திறந்திருப்பதும் இந்த ஒளியில் எடுப்பாகத் தெரியும். காற்று புகுந்து வெளியேறி ஆட்டம் குறைவதற்காக 83ஆவது தளத்தை அப்படி விட்டிருக்கிறார்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடங்களுக்குள் வானம் கருநீலமாகிறது, அலுவலக விளக்குகள் ஏற்றப்படுகின்றன, இரண்டின் வெளிச்சமும் சமமாக இருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் எடுக்கும் படமே சிறப்பாக வரும். அதன்பின் முழு இருட்டில் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். தெருவிளக்குகள் நேர்கோடுகளாகத் தொடுவானம்வரை ஓடுவது அப்போதுதான் தெரியும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரே தொல்லை கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு. கறுப்பு நிறச் சட்டை அணிந்து செல்லுங்கள். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கறுப்புத் துணியால் சுற்றிலும் மறைத்துக்கொண்டால் உள்விளக்குகள் படத்தில் விழா. அதே தளத்தில், எட்டுப் பேரை நிற்கவைத்துக் கண்ணாடிச் சுவரோடு வெளிப்புறமாக 30 பாகை சாய்க்கும் ஒரு பொறியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். உயரத்தில் மெய்சிலிர்க்க விரும்பும் இளைஞர்கள் ஏறலாம். நகரத்தைப் பார்க்க அது தேவையில்லை.

எந்த மாதம் போனாலும் சூரியன் மறையும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து அதற்கேற்ப நுழைவுச்சீட்டு எடுங்கள். ஜூனில் அது இரவு எட்டரை மணி, டிசம்பரில் மாலை நாலேகால் என்று வெகுவாக மாறும். ஏரியிலிருந்து எழும் மூடுபனி சில நாட்களில் உச்சித் தளங்களை முழுவதும் மூடிவிடும். மழை பெய்து ஓய்ந்து வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் மறுநாளே காற்று மிகத் தெளிவாக இருக்கும். எப்படியிருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மிச்சிகன் அவென்யூவில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அலைக்கம்பங்களின் அடிப்பாகம் மேகத்தில் மறைந்திருந்தால், அன்று ஏறாமல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.