சிவப்பிலேயே நின்ற பெயர்: டிசம்பர் நாட்குறிப்பு

13 டிசம்பர் 2023, புதன்

காலையில் போனை எடுத்ததும் முதல் செய்தியே அமெரிக்க நடிகர் ஆன்ட்ரே பிராவர் போய்விட்டார் என்பதுதான். 61 வயது. இதெல்லாம் போகிற வயதா? எல்லோரும் 'புரூக்ளின் நைன்-நைன்' நகைச்சுவைத் தொடரில் அவர் நடித்த கேப்டன் ஹோல்ட் படத்தைப் பகிர்கிறார்கள். எனக்கு அவர் என்றைக்கும் ஃபிராங்க் பெம்பிள்டன்தான். 1993 முதல் 1999 வரை அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த 'ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்' தொடரில் வரும் பால்டிமோர் நகரக் கொலைப் பிரிவுத் துப்பறிவாளர். அந்த வேடத்துக்குத்தான் 1998இல் எம்மி விருது வாங்கினார்.

இன்றைய தேதிக்குத் தொடர் எந்த ஓடிடியிலும் இல்லை. நல்லவேளை, மச்சான் எப்போதோ வாங்கி வந்த டிவிடி பெட்டி அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை பார்க்க வேண்டும். எந்த எபிசோட் என்பதில் சந்தேகமே இல்லை.

16 டிசம்பர், சனி

'த்ரீ மென் அண்ட் அடீனா'. முதல் சீசன், 1993 மார்ச்சில் ஒளிபரப்பானது. அம்மாவும் கூட உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் முழுதும் பிடிபடாது, அவ்வப்போது நிறுத்தி நான் சொல்ல வேண்டும். ஆனால் இதில் அதிகம் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

இந்தத் தொடரின் வழக்கம் வேறு. ஒரு எபிசோடில் மூன்று நான்கு கேஸ்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். காரில் போகும்போது ஏதாவது வம்பளப்பார்கள், பிணத்துக்குப் பக்கத்தில் நின்று ஜோக் அடிப்பார்கள். அலுவலகத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. ஒவ்வொரு துப்பறிவாளரின் பெயருக்குக் கீழும் அவரவர் கேஸில் செத்தவர்களின் பெயர்கள். தீர்ந்த கேஸ் கறுப்பு மையில், தீராதது சிவப்பு மையில்.

இந்த எபிசோடில் அந்த ஓட்டமெல்லாம் நின்றுவிடுகிறது. கிட்டத்தட்ட முழுக்கவும் ஒரே அறை. அவர்கள் 'பாக்ஸ்' என்று சொல்கிற விசாரணை அறை. உள்ளே மூன்று பேர்: பெம்பிள்டன், புதிதாகச் சேர்ந்த டிம் பேலிஸ், சந்தேகத்துக்குரிய முதியவர் ரிஸ்லி டக்கர். செத்தது அடீனா வாட்சன் என்ற 11 வயதுச் சிறுமி. பேலிஸின் முதல் கேஸ். டக்கரை ஏற்கெனவே பலமுறை கூப்பிட்டு விசாரித்தாயிற்று, இந்த முறை விட்டால் இனிமேல் தொட முடியாது. கையில் இருப்பது 12 மணி நேரம். அதற்குள் ஒப்புதல் டக்கர் வாயால் வர வேண்டும்.

முடிந்ததும் அம்மா கேட்டாள், "சரி, யாரு கொன்னது?"

தெரியாதும்மா, சொல்லவே மாட்டார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

17 டிசம்பர், ஞாயிறு

இன்றைக்குத் தனியாக இன்னொரு முறை பார்த்தேன்.

டக்கராக நடித்த மோசஸ் கன் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. டக்கர் ஓர் 'அராபர்'. பால்டிமோர் தெருக்களில் குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் கூவி விற்கிறவர்களுக்கு அந்தப் பெயர், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள் செய்துவந்த தொழில். முதல் பாதி முழுக்க அவர் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். கேட்டதையே கேட்கிறார்கள், சொன்னதையே சொல்கிறார். பெம்பிள்டனுக்கு விசாரணை என்பது வியாபாரம் மாதிரி. வாங்குகிறவனுக்கு எந்த விதத்திலும் பயன்படாத சிறைத்தண்டனையை அவனிடமே விற்றுவிட வேண்டும். இங்கே அந்த வியாபாரம் படியவே இல்லை. பேலிஸ் பொறுமையிழந்து கிழவரைச் சூடான குழாய்ப் பக்கம் நெருக்கிப் பிடிக்கிற இடத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. சட்டத்தின் பக்கம் நிற்கிறவனின் கையும் அப்படிப் போகும் என்று ஒளிக்காமல் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் டக்கர் திருப்பிக் கேட்க ஆரம்பிக்கிறார். உனக்குள் ஓர் இருட்டு இருக்கிறது, அதைக் கண்டு நீயே நடுங்குகிறாய் என்கிறார் பேலிஸிடம். பெம்பிள்டனிடம், உன் மாதிரிக் கறுப்பர்களுக்கு என் மாதிரிக் கறுப்பர்களைக் கண்டாலே ஆகாது என்கிறார். இதுவரை கேள்வி கேட்டவர்களிடம் பதில் இல்லை. பிராவரின் முகத்தை இந்த இடத்தில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பேச்சால் யாரையும் மடக்குகிறவர், அவருக்கே வார்த்தை வரவில்லை. முகத்தில் ஒன்றும் பெரிதாக அசையவில்லை. ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது தெரிகிறது.

கடைசியில் டக்கர் உடைகிறார். ஒப்புக்கொள்வது கொலையை இல்லை. அந்தக் குழந்தைமேல் தான் வைத்திருந்த, வெளியில் சொல்லக் கூசுகிற அன்பை. நேரம் முடிகிறது, அவரை விட்டுவிடுகிறார்கள். இவன்தான் என்று நாள்கணக்காகச் சாதித்த பேலிஸுக்கு இப்போது நிச்சயமில்லை. இவ்வளவு நாள் நம்பாத பெம்பிள்டனுக்கு இப்போது இவன்தான் என்று தோன்றிவிட்டது. ஒரே அறையில், ஒரே வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக மாறிப்போகிறார்கள். துப்பறியும் கதைகளில் இதைவிட நேர்மையான முடிவு எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதியவர் டாம் ஃபோன்டானா, அவருக்கும் எம்மி கிடைத்தது. இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல், பின்னாளில் 'கேசினோ ராயல்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்தவர். மோசஸ் கன் அதே 1993 டிசம்பரில் இறந்துபோனார்.

19 டிசம்பர், செவ்வாய்

இது எழுத்தாளர் மேசையில் பிறந்த முடிவு இல்லை. டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நாளிதழின் நிருபராக இருந்தபோது 1988ஆம் ஆண்டு முழுவதும் அந்த ஊர்க் கொலைப் பிரிவோடு கூடவே திரிந்து, பார்த்ததை 1991இல் புத்தகமாக எழுதினார். தொடருக்கு அதுதான் மூலம். அந்த 1988 பிப்ரவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். சந்தேகப்பட்ட ஆள் நிஜத்தில் மீன்கடைக்காரர். கேஸ் தீரவே இல்லை. கதைக்காகக் கொலையாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் பார்க்கிற நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சிறுமியின் வீட்டுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லையே. அதனால்தான் இந்த எபிசோடின்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

நான்காவது சீசனில் அடீனா பெயரிலேயே இன்னொரு எபிசோட் உண்டு. அதிலும் விடை இல்லை. பேலிஸின் பெயருக்குக் கீழே அந்தப் பெயர் சிவப்பிலேயே நிற்கிறது.

24 டிசம்பர், ஞாயிறு

காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் கொய்யா வாங்கிக்கொண்டு உள்ளே வந்த அம்மா, பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னாள்: "அந்த வண்டிக்காரத் தாத்தா செஞ்சிருக்க மாட்டார்டா. அழுத அழுகையப் பார்த்தியா?"

நான் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "இல்ல, அவர்தான் செஞ்சிருப்பார்" என்றாள். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். விளக்கை அணைக்காமல் அங்கேயே நின்றாள்.