தாடைக் கட்டிக்குக் குழாய் வைத்த பிறகு

தாடை எலும்புக்குள் பெரிய நீர்க்கட்டி என்றதும் எலும்பையே வெட்டி எடுத்துவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பல கட்டிகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஈறுக்குப் பக்கத்தில் சுமார் ஒரு செ.மீ. அளவில் துளை போட்டு, குழாய் வைத்து, கட்டியைச் சுருங்கவிட்டு, மிச்சத்தைப் பிறகு எடுக்கலாம். டிகம்ப்ரஷன் என்பது இதுதான். அறுவை சீக்கிரம் முடிந்துவிடும்; அதன் பிறகு மாதக்கணக்கில் குழாய் வழியாகக் கட்டியின் உட்புறத்தை வீட்டில் கழுவ வேண்டும். அந்தக் கழுவலைச் செய்து பழகியவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

உள்ளே சேரும் திரவத்தின் அழுத்தமும், கட்டியின் சுவர் சுரக்கும் பொருள்களும் சேர்ந்துதான் எலும்பைக் கரைக்கின்றன. ஓரிடத்தில் திறந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், சுற்றிலுமிருந்து புது எலும்பு வளர்ந்து வரும். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இலேயே இந்த முறையை விவரித்துவிட்டார். கீழ்த்தாடை நரம்பை ஒட்டியோ, முளைக்காத பல்லைச் சுற்றியோ, தாடை முறிந்துவிடும் அளவுக்குப் பெரிதாகவோ கட்டி இருந்தால் இதனால் கிடைக்கும் லாபம் அதிகம். பிள்ளைகளுக்கு உள்ளே சிக்கிய பல் தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு.

தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவெடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நரம்பு எங்கே ஓடுகிறது, எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன்தான் காட்டும். பக்கத்துப் பற்களுக்கு உயிர் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். பல்லின் வேர் நுனியில் வந்த கட்டி என்றால் செத்துப்போன பல்தான் மூல காரணம். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யாமல் கட்டியை மட்டும் தொட்டுப் பயனில்லை. திறப்பதற்கு முன் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத் திரவம் வந்தால் நீர்க்கட்டியாக இருக்கலாம். வெள்ளையாகக் குழைந்து வந்தால் கெரட்டோசிஸ்ட் என்று, அதாவது எடுத்த பிறகும் திரும்பி வரக்கூடிய ஒரு வகை நீர்க்கட்டி என்று, சந்தேகிப்பார்கள். ரத்தம் பீறிட்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், அது ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம்.

குழாய் வைக்கும் அன்றே கட்டிச் சுவரில் ஒரு துண்டு பயாப்ஸிக்கு (திசுச் சோதனைக்கு) போயாக வேண்டும். அமெலோபிளாஸ்டோமா என்ற வேறு வகைக் கட்டியும் (பெரும்பாலும் புற்றல்ல) எக்ஸ்ரேயில் அச்சு அசல் நீர்க்கட்டி போலவே தெரியும், அதற்குச் சிகிச்சை வேறு. ரிப்போர்ட் கைக்கு வரும்வரை எந்த முடிவும் முடிவல்ல.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரப்பு ஊசியிலேயே வேலை முடியும். குழாயைப் பக்கத்துப் பல்லில் கம்பியாலோ, ஈறில் தையலாலோ கட்டுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் அதன் நீளம் என்ன, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் பிற்பாடு குழாய் நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கழுவுவதற்கு 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சும், முனை மழுங்கிய வளைந்த ஊசியும் வேண்டும். கூர் ஊசி கூடவே கூடாது. பாட்டில் சலைன் நல்லது. இல்லையென்றால், கொதித்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டு அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாகச் சாப்பிட்ட பிறகு கழுவ வேண்டும். வாஷ் பேசின் பக்கம் குனிந்து, ஊசி முனையைக் குழாய்க்குள் விட்டு, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே போன தண்ணீர் வாய்க்குத் திரும்பி வர வேண்டும். முதலில் கலங்கலாக வரும், தெளிவாக வரும்வரை தொடருங்கள். வேகமாகப் பீய்ச்சினால் வலிக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கூச்சம் குறையும். மேல்தாடைக் கட்டிக்குக் கழுவும்போது தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் சைனஸோடு வழி திறந்திருக்கிறது என்று பொருள். கழுவுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி நடப்பது அடைப்பு. சோற்றுப் பருக்கை, கீரை நார், தக்காளி விதை என்று எது வேண்டுமானாலும் போய் உட்காரும். தண்ணீர் போக மறுத்தால் பலம் காட்டாமல், ஊசியைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உறிஞ்சி, மறுபடி விட்டுப் பாருங்கள். அடுத்த தொல்லை, குழாய் கழன்று விழுவது. வாய்ச்சதை வெகு வேகமாக வளரும், சில நாள்களிலேயே துளை மூடிவிடும். வலியில்லையே என்று வாரக் கடைசி வரைக்கும் தள்ளிப்போட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டியதாகிவிடும். அன்றைக்கே போன் செய்யுங்கள். கழுவியும் நாற்றம் போகாவிட்டாலும், வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும், கீழுதடு புதிதாக மரத்தாலும் அப்படியே.

எலும்பு மெலிந்திருக்கும் காலத்தில் முறுக்கு, சீடை, கரும்பு, எலும்புக்கறி எதுவும் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, கஞ்சி போதும். கபடி, கிரிக்கெட் ஆடும் பையன்களை மைதானத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பது கழுவலை விடக் கஷ்டம், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். முகத்தில் ஓர் அடி பட்டால் தாடை முறியலாம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கட்டி சுருங்கி நரம்பை விட்டு விலகியதும், தடித்துப்போன சுவரை முழுசாக உரித்தெடுப்பது எளிது. கெரட்டோசிஸ்ட் என்றால் இந்த இரண்டாவது அறுவையைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். அதன் சுவர் இயல்பிலேயே மெல்லியது, ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளரும். அதனால்தான் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் சுரண்டியோ, மருந்து தடவியோ விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை ட்யூமர் (புற்றல்லாத கட்டி) வகையில் சேர்த்து, 2017இல் மறுபடி நீர்க்கட்டியாக்கியது. பழைய ரிப்போர்ட்டில் பெயர் மாறியிருந்தால் பதற வேண்டாம்.

கெரட்டோசிஸ்டை எடுத்த பிறகு முதல் ஐந்து வருடம் ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பது அவசியம். பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்ததும் உண்டு என்பதால், அதன் பிறகும் இடைவெளி விட்டுத் தொடருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கெரட்டோசிஸ்ட் இருந்தால், குறிப்பாகச் சிறு வயதில் வந்தால், கோர்லின் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று கேளுங்கள்; அது பரம்பரையாக வரக்கூடியது, வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டியிருக்கும். பழைய பிலிம்களையும் ஸ்கேன் பதிவையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மருத்துவமனையில் விட்டுவிடாமல் வாங்கி, தேதி எழுதி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.