காய்ச்சல் இறங்கிய பிறகும் இறங்காதது

கடந்த ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலையில், சென்னை தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா காற்றில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியைப் பிடித்த பாவனையில் வலக்கை தாழ்ந்து நிமிர்ந்தது. இடக்கை, இல்லாத இட்லித் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தது. தெருமுனையில் இருபத்தாறு ஆண்டுகள் இட்லிக் கடை நடத்திய கைகள் அவை. அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும் முந்தின இரவு வரை என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர், அன்று என்னை நிமிர்ந்து பார்த்து, "சாம்பார் தீந்துபோச்சு தம்பி, சட்னிதான் கீது" என்றார்.

முதலில் அழைத்துச் சென்ற இடத்தில், இந்த நோய் இப்படித்தான் முற்றும் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னபோதுதான் தொற்று இருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் காய்ச்சலும் பிதற்றலும் அடங்கின. ஆனால் அதுவரை தானே கட்டிக்கொண்டிருந்த புடவையின் கொசுவத்தை அதற்குப் பிறகு அம்மாவால் மடிக்க முடியவில்லை. சிறுநீர்ப்பையில் வந்த தொற்று மூளையில் எதைக் கலைத்துவிட்டுப் போனது என்ற கேள்விதான் என்னை மூளையிலுள்ள கிளியல் செல்களைப் பற்றிப் படிக்க வைத்தது.

இந்தச் செல்களுக்கு வாய்த்த பெயரே ஒரு அவமரியாதை. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856இல் இவற்றை நரம்புகளை ஒட்டி வைக்கும் பசை என்ற பொருளில் 'நியூரோக்ளியா' என்று அழைத்தார். பசைக்கு என்ன நோய் வந்துவிடப்போகிறது என்பதுபோல நெடுங்காலம் எல்லாருடைய கவனமும் நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்கள் மீதே இருந்தது. இத்தனைக்கும் மனித மூளையில் நியூரான்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்றால், நியூரான் அல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கின்றன.

அவற்றில் மைக்ரோக்ளியா என்பவை, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஹோர்டேகா 1919இல் தனியாக அடையாளம் காட்டியவை. இவை மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள். கரு உருவாகும் தொடக்க நாட்களில் மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு வந்து மூளையில் குடியேறி, பிறகு அங்கேயே பெருகி வாழ்பவை. சும்மா இருப்பதாகக் கருதப்பட்ட காலத்திலும் இவை தம் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டி மடக்கிச் சுற்றுப்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்பது, உயிருள்ள எலிகளின் மூளையை நேரடியாகப் பார்த்த ஆய்வுகளில் 2005இல் தெரியவந்தது. இறந்த செல்லையும் கசடுப் புரதத்தையும் விழுங்குவது, கிருமி வந்தால் சைட்டோகைன் என்னும் வேதிச் செய்திகளை வெளியிட்டு அழற்சியை மூட்டுவது, வேலை முடிந்ததும் அடங்கிவிடுவது ஆகியவை இவற்றின் இயல்பு.

அல்சைமரில் அந்த 'அடங்கிவிடுவது' நடப்பதில்லை. அமிலாய்டு என்ற கசடுப் புரதத்தின் திட்டுகளைச் சூழ்ந்து நிற்கும் மைக்ரோக்ளியாக்களால் அவற்றை முழுவதும் செரிக்க முடியாததால், அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதன் சூடு பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களையும் தாக்குகிறது. நியூரான்களுக்கு ஊட்டம் கொடுப்பதும், நரம்புச் செய்தியைக் கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளில் மிஞ்சியதை உறிஞ்சி அகற்றுவதும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைப் பேணுவதும் ஆஸ்ட்ரோசைட்டுகளின் பொறுப்பு. மைக்ரோக்ளியா வெளியிடும் ஐஎல்-1 ஆல்ஃபா, டிஎன்எஃப், சி1க்யூ என்ற மூன்று பொருள்களும் சேர்ந்தால் ஆஸ்ட்ரோசைட்டுகள் இந்த வேலைகளைக் கைவிட்டு நியூரான்களைச் சாகடிக்கும் நிலைக்கு மாறுகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாரெஸ் குழுவினர் 2017இல் காட்டினார்கள். சோறு போட்ட கையே நஞ்சு வைப்பது போன்ற இந்த மாற்றத்தின் தடயங்களை, அல்சைமரில் மட்டுமல்லாமல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைத் திசுவிலும் அவர்கள் கண்டார்கள்.

அம்மாவின் காய்ச்சலுக்கான விளக்கம் இங்கேதான் கிடைத்தது. உடலில் எங்கே தொற்று வந்தாலும் அதன் செய்தி இரத்தத்தின் வழியாகவும், உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையை எட்டுகிறது. காய்ச்சலில் நமக்கு வரும் சோர்வும் பசியின்மையும் அதன் விளைவுகளே. நல்ல மூளை இதிலிருந்து சில நாட்களில் மீண்டுவிடும். ஏற்கெனவே நோயுற்ற மூளையின் மைக்ரோக்ளியாவோ நீறு பூத்த நெருப்பாக இருப்பதால், அதே செய்திக்குப் பன்மடங்கு கொதித்து எழுகிறது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதம் கவனித்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, இடையில் தொற்று போன்ற உடல் அழற்சி நேர்ந்தவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு இரு மடங்கு வேகமாக இருந்தது.

"அப்போ தெனம் ஒரு வலி மாத்திரை குடுத்தா அடங்கிடாதா?" என்று என் சித்தி மகன் கேட்டான். நியாயமான கேள்விதான், ஆராய்ச்சியாளர்களும் அதையே கேட்டார்கள். அமெரிக்காவில் 2,500க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு அழற்சியைக் குறைக்கும் வலி மருந்துகளான நாப்ராக்சென், செலிகாக்சிப், அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இதயப் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 2004 இறுதியில் மருந்துகள் நிறுத்தப்பட்டன. அவை அல்சைமரைத் தடுக்கவும் இல்லை. மைக்ரோக்ளியாவின் ட்ரெம்-2 என்ற ஏற்பியில் (செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதத்தில்) பிறவிக் குறை உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் செல்கள் வேலை செய்யாமல் போனாலும் கேடு, வேலையை நிறுத்தாமல் போனாலும் கேடு. ஒட்டுமொத்தமாகத் தண்ணீர் ஊற்றி அணைப்பது இதற்கு மருந்தாகாது என்றுதான் எனக்குப் படுகிறது.

தொழிற்சாலைகள் நிறைந்த மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பார்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020இல் காற்று மாசை மறதி நோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது உண்மை. ஆனால் அது மக்கள்தொகை அளவிலான கணக்கு. தனியொருவரின் நோய்க்கு ஒரு புகைபோக்கியைக் கைகாட்ட அது உதவாது.

இப்போது அம்மாவின் பேச்சு திடீரென்று ஒரே நாளில் மாறினால், நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாமல், முதலில் காய்ச்சல் பார்த்து, சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். மருத்துவர் சொன்னபடி தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய பாடு. பிளாஸ்டிக் குவளையைத் தள்ளிவிடுகிறார். கடையில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு டம்ளருக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுகிறோம். நேற்று ஏழு கோடுகள்.