ஈடிடிஏ நியமிப்புக்கு முதல்

எங்கட வன்னிக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சா கேத்தில் அடியில வெள்ளையாப் படியுமே, அந்த வன்மையைத்தான் (கரைஞ்சிருக்கிற கல்சியம், மக்னீசிய உப்புகள்) லாபில அளக்கப் போறியள். அந்த உப்புகளைப் பிடிக்கிற ஈடிடிஏ எண்ட இரசாயனத்திண்ட கரைசலை நிறம் மாறும் வரைக்கும் அளந்து விடுறதுதான் நியமிப்பு.

அளவியை (அடியில திருகு வைச்ச, அளவு போட்ட நீளக் குழாய்) ஈடிடிஏ கரைசலாலயே அலசுங்கோ. குடுவையைக் காய்ச்சி வடிச்ச தண்ணியால மட்டும். மாதிரித் தண்ணியால அலசினா வாசிப்புக் கூடும். அளவி நுனியில காத்துக்குமிழி நிண்டா திருகைத் திறந்து வேகமா ஓடவிடுங்கோ. புனலையும் எடுத்திடுங்கோ (எல்லாரும் மறக்கிறது).

குடுவைக்குள்ள 25 மி.லீ. மாதிரி, பீஎச் 10 தாங்கற்கரைசல் (பீஎச் மாறாம வைச்சிருக்கிறது), எரியோகுரோம் பிளாக் ரீ தூள் (நிறங்காட்டி) கொஞ்சூண்டு. தூள் கூடினா நிறம் கறுத்து ஒண்டும் விளங்காது.

பிறகு அளவியில இருந்து ஈடிடிஏயை விடுங்கோ. சிவப்பு ஊதாவாகேக்க நிப்பாட்டாதேங்கோ. தாக்கம் மெதுவானது, கடைசியில துளித்துளியா விட்டுக் குலுக்குங்கோ, சுத்த நீலம் வரவேணும்.

ஈடிடிஏ செறிவு 0.01 மோலார் எண்டா, செலவான ஈடிடிஏ மி.லீ. கணக்கை 40 ஆல பெருக்க, லீற்றருக்கு எத்தினை மி.கி. கல்சியம் காபனேற்று எண்டு வரும்.