அப்பாவின் உயில், அம்மாவின் உயில்

11 பிப்ரவரி 2023

காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் அப்பாவின் பீரோவைத் திறந்தோம். 2009-இல் மதுரையில் இருந்தபோது எழுதிய உயில் இருந்தது. மயிலாப்பூர் வீடு அம்மாவுக்கு, மதுரை ஜில்லா திருமங்கலம் பக்கத்து நிலம் தம்பிக்கும் எனக்கும் சரிபாதி, நிறைவேற்றும் பொறுப்பு என் பெயரில். வெள்ளைத்தாளில் டைப் அடித்தது, பதிவு செய்யவில்லை. இது செல்லுமா என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

18 பிப்ரவரி

வக்கீலம்மாவைப் பார்த்தோம். யாருக்கு என்ன என்பதைப் படிக்கும் முன்பே கடைசிப் பக்கத்துக்குப் போய், "சாட்சிகள் இருக்காங்களா?" என்றுதான் கேட்டார். ஒருவர் அப்பாவின் நண்பர், காலமாகிவிட்டார். இன்னொருவர் மதுரையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, இப்போது கோவையில் இருக்கிறார். அப்பா இளவயசு ஆள் ஒருவரைச் சாட்சியாகப் பிடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றுதான் புரிந்தது, ஏனென்றால் சாட்சிகளில் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களில் ஒருவராவது வந்து "என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்" என்று சொன்னால்தான் கோர்ட்டில் உயில் நிற்கும், பதிவு செய்த உயிலுக்கும் இதே கதைதான்.

சென்னை ஹைகோர்ட்டில் புரொபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் தரும் சான்று, வாங்க வேண்டும் என்றார். மதுரையில் எழுதியதற்கு எதற்கு சென்னை ஹைகோர்ட் என்று தம்பி கேட்டான். வீடு சென்னையில் இருக்கிறதே! 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இந்துக்களின் உயில் சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்டாலோ, அங்கே உள்ள வீடு மனையைப் பற்றியதாக இருந்தாலோ அப்போது புரொபேட் வாங்க வேண்டியிருந்தது (2025-இல் இந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது). திருமங்கலம் நிலம் மட்டும் என்றால் இந்த அலைச்சலே இல்லை.

6 மார்ச்

கோவை அண்ணன் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அம்மாவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். வாரிசுகளில் ஒருவர் எதிர்த்தாலும் மனு வழக்காக மாறிவிடுமாம், அப்புறம் வருஷக்கணக்கில் இழுக்கும்.

பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி தம்பி. பணம் அவன் கைக்கு வந்தது, உயிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், சொந்தக்காரர் வாரிசுகள்தான். எல்.ஐ.சி. பாலிசி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே இப்படிச் சொல்லிவிட்டது (பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு மட்டும் 2015-இல் சட்டம் மாறிவிட்டது), இன்னும் பல வீடுகளில் இதற்காகவே சண்டை.

2 ஏப்ரல்

எதிர்வீட்டு அக்கா கேட்டார்கள். புருஷன் உயில் எழுதாமல் போய்விட்டார், வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. ஜில்லா கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம். அக்காவும் பிள்ளைகளும் மட்டுமல்ல, மாமியாருக்கும் சம பங்கு உண்டு என்றதும் முகம் மாறிவிட்டது. பாவம், ஆனால் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

20 ஜூன்

மே விடுமுறை முடிந்து, சாட்சியம் பதிவு செய்யும் ஹைகோர்ட் அதிகாரியான மாஸ்டர் முன்னால் விசாரணை. கோவை அண்ணன் லீவு போட்டு வந்து சாட்சி சொன்னார். இனி உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்.

13 ஜூலை

வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடு என்று சொந்தக்காரர்கள் அம்மாவை நச்சரிக்கிறார்கள். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது, உயிலைக் கடைசிவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அம்மா உயிலே எழுதுகிறாள். சாட்சிக்கு நாற்பது வயதுக்குள் இரண்டு பேர், பங்கு எதுவும் பெறாதவர்கள். டாக்டர் சான்றிதழும் வாங்குகிறோம், சார்பதிவாளர் ஆபீஸில் பதிவும் செய்வோம். நகைகள் யாருக்கு என்பது மட்டும் பாக்கி, தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறான், உட்கார்ந்து பேச வேண்டும்.